ரயில் பாலத்தடியில் இரண்டு விசில்

என் வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால்கள் மட்டும் தனிக் கட்சி ஆரம்பித்திருக்கின்றன. நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இதை ஃபோனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறப்பதற்குள் சரிப்பா, சரிப்பா என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்.

வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அம்மாவுக்குப் பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது, முன் அறை முழுக்க நீலத் துணி, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஊசி குத்துகிறது. இந்த வருஷ ஓட்டப் பந்தயத்திலிருந்து பேரை எடுத்துவிடப் போகிறேன் என்று போன மாதம் சொன்னாயே, அன்றைக்கு அவள் ஃபோனை வைத்துவிட்டு, தேய்த்து மடித்து வைத்திருந்த சட்டைகளையே பிரித்து மறுபடியும் தேய்த்தாள். பிறகு என்னிடம் வந்து, அவளை ஓடுன்னும் சொல்லாதீங்க, ஓடாதேன்னும் சொல்லாதீங்க, வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும் என்று உத்தரவு போட்டாள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மேலதிகாரி அவள்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

போன தடவை அந்தக் கடற்கரை ஊர் ஓட்டத்தில், பாதி தூரத்தில், ரயில் பாலத்துக்குக் கீழே நீ மூச்சு வாங்க நின்றாய். நின்றதும் எல்லாம் போச்சு என்று தோன்றி, சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் ஏறிவிட்டாய். எங்களிடம் கால் சுளுக்கு என்றாய், சுளுக்கெல்லாம் இல்லை என்று போன மாதம்தான் சொன்னாய். நீ பாதியில் வந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை மகளே. அதை ஏதோ குற்றம் போல இத்தனை நாள் உள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாயே, அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. நிற்பதில் என்ன அவமானம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத விஷயத்தில் தலையிடக் கூடாது என்று நானே ஓடிப் பார்த்தேன். சிரிக்காதே. என் பழைய காக்கிக் கால்சட்டையை அம்மாதான் முழங்கால் வரை வெட்டிக் கொடுத்தாள், வெட்டும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்கு வேறு பாதை ஏது, இத்தனை வருஷம் பேருந்து ஓட்டிய அதே பாதையில்தான் ஓடினேன். டிப்போ வாசலில் ஆரம்பித்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும். வண்டியில் என்னோடு கடைசிவரை இருந்த கண்டக்டர் மாமா இதிலும் துணைக்கு வந்தார், அவர் சைக்கிளில், நான் காலில். முதல் நாள் மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் கால் தானாக இடது பக்கம் ஒதுங்கி மெதுவாகி நின்றுவிட்டது. பின்னால் மாமா பழக்கத்தில் ஒரு விசில் ஊதிவிட்டார், அதை இன்னும் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிகிறார். நிறுத்தத்தில் காத்திருந்த ஒரு அம்மா, பஸ் பின்னாடி வருதா என்று என்னிடம் கேட்டார். வருகிறது என்று சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் என்னால் கிளம்ப முடியவில்லை, மாமா இரண்டு விசில் ஊதியதும்தான் கால் நகர்ந்தது. வழி நெடுக எல்லா நிறுத்தத்திலும் இதே கூத்து.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் விசிலை அவருடைய பைக்குள் போடச் சொல்லிவிட்டு, எங்கும் நிற்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் கண் இருட்டியது, டயர் கடை வாசலில் அடுக்கியிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தேன், இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. அதற்கடுத்த நாள் பழையபடி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, விசில் கேட்டுக் கிளம்பி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். மாமா இறங்கி சைக்கிளை நிறுத்திவிட்டு, "நம்ம வண்டி எந்த நாளாவது நிக்காம ஊர் போய்ச் சேர்ந்திருக்கா?" என்று கேட்டார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அவர் பார்த்திருப்பார்.

அதனால் அம்மாவின் உத்தரவை மீறிக் கேட்கிறேன், பேரை எடுக்காதே. ஓடி ஜெயிக்கச் சொல்லவில்லை. நீ ஓடுகிற அதே கடற்கரை ஊருக்கு நாங்கள் மூன்று பேரும் பேருந்தில் வருகிறோம், பயணியாக உட்கார்ந்தால் என் வலது கால் வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும், பரவாயில்லை. முடிகிற இடத்தில் கை தட்ட அங்கே நிறைய பேர் இருப்பார்கள். நாங்கள் ரயில் பாலத்தடியில் நிற்போம். உனக்கு நிற்கத் தோன்றினால் அங்கே நில், உட்காரத் தோன்றினால் அம்மா மடக்கு நாற்காலி கொண்டு வருவாள். வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றினால் நால்வருமாகப் போவோம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

நீ நோய் நொடி இல்லாமல், மனசில் பாரமில்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். கால் நகத்தை ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வெட்டிவிடு, அன்றைக்குப் புது ஷூ போடாதே. பாலம் வரும்போது இடது பக்கம் பார். மாமா விசிலோடு நிற்பார், அவசரப்படுத்துவாரோ என்று பயப்படாதே. கடைசி ஆள் படியில் கால் வைக்காமல் அவர் ஒருநாளும் இரண்டு விசில் ஊதியதில்லை. நீ தலையாட்டும்வரை காத்திருப்பார்.

இப்படிக்கு,
இந்தத் தடவை வண்டியை எடுக்காமல் நிறுத்தத்தில் காத்திருக்கப் போகும்
உன் அப்பா