வண்டி ஓட்டுபவர்கள் இருவர்

மார்ச் 7, சனி

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலத்தைக் கேட்கப்போவதில்லை. நீச்சல் வகுப்பு வாசலில் சாவியை வாங்கும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று.

பாப்பா முன்னால் வாய்ச்சண்டை வேண்டாம், வண்டி விஷயம் எதுவானாலும் டேஷ்போர்டில் கடிதமாக வைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். அதன்படி எழுதுகிறேன். ரிப்பேருக்குக் கொண்டுபோகிற வாஷிங் மெஷின் குழாயை மறுபடியும் பின்சீட்டில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். சீட்டெல்லாம் தண்ணீர். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள் நான். சாம்பிள் வைக்கிற ஐஸ் பெட்டியை மடியிலா வைத்துக்கொண்டு ஓட்டுவேன்? பெட்ரோல் முள்ளும் படுத்தே கிடக்கிறது. புதன் சாயங்காலம் வண்டி என் கைக்கு வரும்போதெல்லாம் இதே கதை.

இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இந்த முறை ஃபுல் கவர் எடுத்துவிடலாம். வண்டி என் பெயரில் இருந்தாலும் பாதிப் பணம் உங்களுடையது, அதனால் கேட்கிறேன். பதில் எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிட்டு அப்புறம் "என்கிட்ட யார் கேட்டா?" என்று சொல்லக்கூடாது.

பாப்பாவின் அம்மா

மார்ச் 11, புதன்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

குழாய்க்கு மன்னிப்பு. பெட்ரோல் போட்டிருக்கிறேன், முள் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்.

ஃபுல் கவர் எதற்கு? நம் வண்டியின் அழகு உனக்குத் தெரியாதா? இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. வைப்பர் பேருக்கு ஆடும். இதை நொறுக்கிக்கொண்டு போய் நின்றால் கம்பெனிக்காரன் இன்றைய மதிப்பைத்தான் தருவான். அதில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். தேர்ட் பார்ட்டி போதும். நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குப் பணம் போய்விடும், போலீஸும் ஒன்றும் கேட்காது. ஃபுல் கவருக்கு அதைப்போல மூன்று மடங்கு கேட்கிறார்கள்.

பாப்பாவுக்குப் பல் கம்பி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. இனியும் தள்ளிப்போட்டால் பல் இன்னும் கோணும் என்கிறார். தகரத்துக்குக் கொட்டுகிற பணத்தைப் பிள்ளையின் பல்லுக்குக் கொட்டலாமே. நான் வேறு தனியாக இருக்கிற இந்த அறைக்கு வாடகை கொடுக்கிறேன். உனக்குத் தெரியாததா?

பாப்பாவின் அப்பா

மார்ச் 14, சனி

பாப்பாவின் அப்பாவுக்கு,

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பல் கம்பியைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்களா?

நாம் இடித்தால் அடுத்தவருக்குப் பணம், சரி. எவனோ ஒருவன் நம்மை இடித்துவிட்டு ஓடினால்? நிறுத்தின இடத்தில் மரம் விழுந்தால்? எங்கள் லேபில் கணக்குப் பார்ப்பவரின் வண்டிமேல் கிளை விழுந்தது. தேர்ட் பார்ட்டிதான் வைத்திருந்தார். மரம் தேர்ட் பார்ட்டி இல்லையாம். இப்போது தினமும் பஸ்ஸில் வந்து தாமதத்துக்குத் திட்டு வாங்குகிறார். அவருக்காவது நாற்காலி வேலை. என் சாம்பிள்கள் நேரத்துக்குப் போகாவிட்டால் கெட்டுப்போகும், அதோடு என் வேலையும் போகும். சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன் என்று நினைத்தீர்களா?

உங்களுக்கு அது தகரம். இன்னொரு வண்டி வாங்க நம் இரண்டு பேரிடமும் வழியில்லை என்பதால்தான் நான் ஃபுல் கவர் கேட்கிறேன். ஒவ்வொரு கிளெய்முக்கும் முதலில் கொஞ்சம் நாமே கட்டுவதாக ஒப்புக்கொண்டால் கட்டணம் குறையும் என்று கேள்விப்பட்டேன். ஏஜென்டைப் போய்ப் பாருங்கள். தயவுசெய்து நீங்களே எதையும் முடிவுகட்டாதீர்கள். கேட்டு மட்டும் வாருங்கள்.

பாப்பாவின் அம்மா

மார்ச் 18, புதன்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. மரம் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

ஏஜென்டைப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, அதன்மேல் இரண்டு போன், மூக்கு நுனியில் கண்ணாடி. நல்ல மனிதர். நீ சொன்ன மாதிரி முதல் தொகையை நாமே கட்டுவதாகப் போட்டும் கணக்கு கைக்கு அடங்கவில்லை. என்ன காரணம் என்று கேட்டேன். "சார், ஓட்டுறவங்க ரெண்டு பேரு, அட்ரஸும் ரெண்டு. வண்டி பாதி வாரம் ஒரு இடத்துல நிக்குது, மீதி வாரம் வேற இடத்துல நிக்குது. அதான் ஏறுது. ஒருத்தர் பேரு மட்டும்னா ஃபுல் கவரே உங்களுக்குத் தாங்கும்" என்றார்.

நான் இருந்தால்தானே செலவு? என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பல் கம்பிக்கும் மிஞ்சும். எங்கள் பட்டறை முதலாளியின் பழைய வேன் இருக்கிறது, என் வேலைக்கு அது போதும். பாப்பாவை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்கிறேன். இனி வாசலில் நின்று சாவி மாற்றுகிற வேலையும் உனக்கு இல்லை. நீ போய்க் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டினால் முடிந்தது.

என்னிடம் இருந்த மாற்றுச் சாவியையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். குழாய், ஸ்பேனர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சீட்டைத் துடைத்துக் காய வைத்திருக்கிறேன். மெதுவாக ஓட்டு.

பாப்பாவின் அப்பா

மார்ச் 21, சனி

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை மாதமாயிற்று என்று யோசிக்க வேண்டாம். வந்த கோபத்தில் வேறு எதுவும் எழுத வரவில்லை.

கேட்டு மட்டும் வாருங்கள் என்றுதானே எழுதினேன்? யாரைக் கேட்டு உங்கள் பெயரை எடுத்தீர்கள்? அன்றைக்கும் இப்படித்தான். "நான் இருந்தாத்தானே சண்டை" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். போங்கள் என்று நான் சொன்னேனா? கோபத்தில் நூறு சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நீங்களே முடிவுசெய்து, விட்டுக்கொடுத்த நல்ல பெயரையும் நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். இங்கே உட்கார்ந்து அழுவது நான்.

காய்ந்த சீட்டைப் பார்த்ததும் எனக்கு ஆறவே இல்லை. நேராக ஏஜென்டிடம் போனேன்.

"சார் பேரை எடுத்தாச்சு மேடம். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றார்.

"அவர் பேரைத் திரும்பப் போடுங்க."

மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பட்ஜெட் தாங்காதுன்னு சார் சொன்னாரே?"

"ஒரே அட்ரஸ்னா?"

"புருஷன் பொண்டாட்டி ஒரே வீடுன்னா நல்லாவே குறையும். ஆனா மேடம், பொய்யா எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு வண்டி அடிபட்டா கம்பெனி கையை விரிச்சிடும். பாத்துக்குங்க."

வண்டியின் முன்கண்ணாடிக்குத் தனியாகக் கட்டுகிறதை வேண்டாம் என்றேன். கல் பட்டு உடைந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் இருக்கிறது, மரம் உட்பட. பல் கம்பிக்கு முதல் தவணையும் மிஞ்சுகிறது. ஓட்டுபவர்கள் இருவர், முகவரி ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டிவிட்டேன்.

நான் பொய் எழுதிக் கொடுக்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். புதுப் பாலிசி ஒன்றாம் தேதி தொடங்குகிறது. அதற்குள் நான் எழுதினது உண்மையாகவில்லை என்றால் கட்டின பணம் அத்தனையும் தண்டம். எனக்கு உங்களிடம் கெஞ்சத் தெரியாது, இவ்வளவுதான் தெரியும்.

வண்டியை உங்கள் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகிறேன். சாவி முதலாளியிடம் இருக்கிறது. ஐஸ் பெட்டியைப் பின்சீட்டிலேயே விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அது எனக்கு வேண்டும், அதற்குமுன் வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். உங்கள் பையையும் எடுத்து வையுங்கள். குழாயை மட்டும் டிக்கியில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி