யோசனை சொல்லாத தோழி

ஜூன் 4

அன்புள்ள கடிதத் தோழிக்கு,

நலம். உங்கள் நலமும் அறிய ஆசைதான். ஆனால் நீங்கள் என் நலத்தை மட்டுமே கேட்கிறீர்கள், உங்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

மனநல ஆய்வுக்காரர்கள் எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு வந்து, "மனசு சரியில்லேன்னா யார்கிட்ட சொல்லுவே?" என்று கேட்டார்கள். யாருமில்லை என்றேன். அதற்காக ஒரு தோழியையே கடிதத்தில் அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் பசை தடவும் அக்கா சிரிக்கிறாள். "ஓசில வர்ற பாசத்துக்கும் ஒரு வெல இருக்கும்டி, பாத்துக்க." எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு நீங்கள் ஏன் வாராவாரம் எழுத வேண்டும்?

இன்னொரு விஷயம். சித்தியின் தோழி ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள். லிப்ஸ்டிக் ஆன்ட்டி என்பது நான் வைத்த பெயர். வேறு ஊரில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறதாம். தனி அறை, நல்ல சம்பளம். "தங்கம், உன்ன மாதிரி அமைதியான பொண்ணத்தான் தேடிட்டிருக்காங்க" என்று என் தலையைத் தடவினாள்.

சமீபத்தில் என்னிடம் இனிமையாகப் பேசியவர்கள் இரண்டே பேர். அவளும் நீங்களும். போகலாமா, வேண்டாமா?

இப்படிக்கு,
ஊமைக்கோட்டான் (கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்)

ஜூன் 11

அன்புத் தோழிக்கு,

மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. புது இடத்தை நினைக்கும்போது ஆவலும் தயக்கமும் சேர்ந்து வருவது இயல்பு. உங்கள் உணர்வுகள் எல்லாமே மதிப்பு வாய்ந்தவை. நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் நான் உங்கள் பக்கம் இருக்கிறேன். அந்த வேலையை நினைத்தால் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
உங்கள் கடிதத் தோழி

ஜூன் 14

தோழிக்கு,

கிணற்றில் விழப்போகிறேன் என்று எழுதினாலும், 'ஈரமாக உணர்வது இயல்பு' என்று பதில் போடுவீர்களா?

பெட்டிகளைக் கட்டும் பெண்ணுக்கும் ஒரு கடிதத் தோழி உண்டு. அவள் மாமியார் சண்டையைப் பற்றி எழுதினாள். அவளுக்கும் 'உங்கள் உணர்வுகள் எல்லாமே மதிப்பு வாய்ந்தவை' என்றே வந்திருக்கிறது. வார்த்தைகூட மாறவில்லை. நீங்கள் ஒரு ஆளா, இல்லை மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து எழுதுகிறீர்களா?

ஆன்ட்டி என் அடையாள அட்டையைக் கேட்கிறாள். அது அந்த வீட்டுக்காரர்களிடம்தான் இருக்குமாம். ஃபோனும் அங்கே தேவைப்படாதாம். சித்தியோ, "வாய மூடிட்டுக் கெளம்பு. இது கெடைக்கிறதே பெருசு" என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ். மனதில் என்ன தோன்றுகிறது என்று மறுபடி கேட்காதீர்கள். பயமாகத் தோன்றுகிறது. போகட்டுமா?

ஊமைக்கோட்டான்

ஜூன் 16

அடி அசட்டுப் பெண்ணே,

போகாதே. அட்டையைக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வா. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உன் அட்டை அவர்களிடம் எதற்கு? ஃபோன் இல்லாத வீட்டில் உனக்கு ஒன்று என்றால் யாருக்குத் தெரியும்? அந்த வீட்டு விலாசத்தைக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். தலையைத் தடவியதும் உருகிப்போயிருப்பாய்.

நான் ஒருத்திதான். யோசனை சொல்லக்கூடாது, திட்டக்கூடாது, எங்கள் கதையைப் பேசக்கூடாது என்று சொல்லித்தான் ஆய்வுக்காரர்கள் எங்களை எழுத வைத்தார்கள். வெறும் ஆறுதல் ஒரு ஆளை எவ்வளவு தேற்றும் என்று பார்க்கிறார்களாம். அந்த 'மதிப்பு வாய்ந்த' வரியும் அவர்கள் கொடுத்ததே. இந்த வேலையைப் பற்றி நீ எழுதிய முதல் கடிதத்துக்கே இப்படி எழுதக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

இதை ஆய்வு ஆபீஸ் வழியாக அனுப்பினால் கிழித்துவிடுவார்கள். இந்த ஊரில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றுதானே? ஊமைக்கோட்டானுக்கு என்று சொல்லி வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நான்தான்

ஜூன் 29

அக்காவுக்கு,

காவலாளி உங்கள் கடிதத்தை நீட்டி, "யாரோ கோவக்காரம்மா குடுத்துட்டுப் போச்சு. என்ன பண்ணித் தொலச்சே?" என்றார். படித்ததும் இதுவும் ஆய்வில் ஒரு பகுதியோ, திட்டினால் நான் என்ன ஆகிறேன் என்று பார்க்கிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனாலும் ஆன்ட்டியிடம் விலாசம் கேட்டேன். "என்னடி தங்கம், என்னையே சந்தேகப்படறியா?" என்றாள்.

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னேன். தங்கமாக இருந்தவள் ஒரே நிமிடத்தில் திமிர் பிடித்த கழுதையாகிவிட்டேன். அவள் அப்புறம் வரவில்லை. சித்தி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அட்டை என் தலையணை உறைக்குள் இருக்கிறது.

ஆய்விலிருந்து போன வாரம் கடிதம் வந்தது. வேறு கையெழுத்து. உங்களைப் பற்றி ஆபீஸில் கேட்டேன், சொல்ல மாட்டார்களாம். என்னால்தான் உங்களை எடுத்துவிட்டார்களா?

இதைக் காவலாளியிடமே கொடுத்துவைக்கிறேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் தருவார். மதியச் சாப்பாட்டுக்கு நான் வாசல் பக்கம்தான் உட்காருவேன். எனக்குப் பேச வராது, நீங்கள்தான் பேச வேண்டும். நீங்கள் வராமலும் இருக்கலாம். ஆனால் நான் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் தங்கை