மஞ்சள் புடவைப் பேய்

அம்மையார்குப்பம்
5.8.2025

ஹரிஹரனுக்கு,

சுகமா என்று கேட்க மனசு வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பேய்ப்படங்களைக் கிண்டல் செய்து நாம் போட்ட வீடியோவை எதிர்வீட்டுப் புவனா என் அம்மாவிடம் காட்டிவிட்டாள். "பேய்ன்னா வெள்ளைதான் கட்டணுமா, எங்க ஊரு பேய் மஞ்சள்தான் கட்டும்" என்று சொல்லிக்கொண்டே தடுக்கி விழுகிறாயே, நீ கட்டியிருக்கும் அந்தப் புடவை என் தங்கை சுஜாதாவுடையது. அவள் காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கென்று நைனா தறியில் போட்ட புடவை. அதை மஞ்சளில் நனைத்து, பெட்டியில் வைத்து, வருஷாவருஷம் வீட்டுத் தெய்வமாக, பூவாடைக்காரியாகக் கும்பிடுகிறோம். அந்தப் பூசைப் பொங்கலை நீயும் தின்றிருக்கிறாய்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. "எம்பொண்ணு வுழுறா, ஊரே சிரிக்குது" என்கிறாள். இனி எங்கள் வீட்டுப் பக்கம் வராதே.

வெங்கடேசன்

சென்னை
11.8.2025

அன்புள்ள வெங்கடேசா,

படித்துவிட்டு அறையில் உட்கார்ந்து அழுதேன். வீடியோவை உடனே நீக்கிவிட்டேன். போனில், கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டேன். என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், சண்டைக்கு இல்லை. படம் எடுத்த அன்றைக்கு நீ திருத்தணியில் மலைப்படிக்குக் கீழே கேமராவோடு நின்றிருந்தாய். உன் வீட்டிலிருந்து போன் செய்து, மஞ்சள் புடவை ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். "பரண்ல பெட்டி இருக்குது, அதுல பாரு" என்றது நீதான். பூசையன்று அது பூவுக்குள் இருந்தது. மடித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இதை அம்மாவிடம் சொல்லாதே. உன்மேலும் கோபம் வந்தால் அவர்கள் யாரோடு பேசுவார்கள்? என்மேலேயே இருக்கட்டும். புடவை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஹரிஹரன்

அம்மையார்குப்பம்
20.9.2025

அன்புள்ள ஹரி,

உன் கடிதத்தை ஒரு மாசத்துக்கு மேல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பூசைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த தகரப் பெட்டியை நினைத்துச் சொன்னேன். நீ கட்டிக்கொண்டு வந்தபோது கேமரா வழியாகப் பார்த்த எனக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் சொன்னது நான்தான். பழியை உன் தலையில் போட்டேன், வெட்கமாக இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "ஆங்" என்றுவிட்டுக் கேட்டாள்: "அந்தப் படத்த இன்னொரு தபா காட்டுடா. வுழறதுக்கு முன்னால நாலு அடி நடக்குறா பாரு, அது வரைக்கும் போதும்."

கேமராவில் தேடினேன். அதன்மேல் வேறு படம் எடுத்துவிட்டோம். உன்னிடம் ஒரு துண்டாவது மிச்சம் இருக்கிறதா? இன்று காலையும் கேட்டாள்.

உன் வெங்கடேசன்

சென்னை
26.9.2025

அன்புள்ள வெங்கடேசா,

எதுவும் மிச்சமில்லை. தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அம்மா சம்மதித்தால் புடவையோடு வருகிறேன். கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் முன்னால் கட்டிக்கொண்டு நாலு அடி நடக்கிறேன். அப்புறம் புடவையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று நாளாக என் வேட்டியைப் புடவைபோலச் சுற்றிக்கொண்டு இங்கே நடந்து பார்க்கிறேன். காமெடிக்காக மேடையில் விழுந்து விழுந்தே பழகிய கால், நாலாவது அடியில் தானாகத் தடுக்குகிறது. சுஜாதா எப்படி நடப்பாள் என்று அம்மாவிடம் கேட்டு எழுது.

ஹரி