பழையபடி ஆக்கிக் கொடுத்த மடிக்கணினி

ஐப்பசி 12, செவ்வாய். அறந்தாங்கி.

பிரிந்து போன நான்கு மாதத்தில் முதல்முறையாக என் மனைவி சுமதி இன்று வந்தாள், தன் தம்பியோடு. மடிக்கணினிக்காக மட்டும். கீரமங்கலத்தில் அம்மா வீட்டிலிருந்தே ஆன்லைனில் பாடம் எடுக்கப் போகிறாளாம்.

இருவருக்கும் பொதுவாக வாங்கியதுதான். புரோகிராம் எழுத நான் எனக்கேற்ப மாற்றி வைத்திருந்தேன். கறுப்புத் திரை, பொடி எழுத்து, என் விரலுக்கு வசதியாக இடம் மாற்றிய விசைகள். மவுஸைத் தொடவே மாட்டேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

"ஒரு ஐகான்கூட இல்லையே மச்சான். அக்கா எதைத் தொட்டுத் தொறக்கும்?" என்று சிரித்தான் தம்பி. எனக்கு வேலை போனதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

"பன்னெண்டு வருசமா ஒரு லெட்டர் அடிக்கக்கூட ஒங்களைத்தான் கூப்பிட்டேன். பழையபடி ஆக்கிக் கொடுங்க," என்றாள் சுமதி.

நான் செய்த மாற்றங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் உட்கார்ந்து நாலு வரி அடித்தாள். விசைகளைப் பார்க்காமலே, பத்து விரலாலும், கடகடவென்று. பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பெண் என்று. நான் மறந்தே போயிருந்தேன்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவள் எதிரிலேயே.