உன் கை பிரித்துத் தந்த சொற்கள்

என் ஆசை மாப்பிள்ளை சூசைக்கு,

நேற்று உனக்கு முப்பதாம் நாள் பூசை. நான் கோயிலுக்குள் வரவில்லை, வாசலில் செருப்புகளோடு நின்றேன். காலையில்தான் பரீட்சை முடிவு வந்திருந்தது. பாஸாகிவிட்டேன். துறைமுகத்தில் இனி நான் குமாஸ்தா. சந்தோஷமா உனக்கு?

ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள்தான் எனக்கு எமன். ‘சீ’ என்றால் கடலா, பார்ப்பதா? ‘வெயிட்’ என்றால் எடையா, காத்திருப்பதா? வாசிக்கக் கேட்டு எழுதும் டிக்டேஷனில் இரண்டு தடவை அதிலேயே கவிழ்ந்தேன். என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம் படித்த நீதான் வழி கண்டாய்.

கப்பலில் மூட்டை தூக்கும் விஞ்சு போடும் இரைச்சலில் நம் பிழைப்பே கைஜாடைதானே. விரலைச் சுழற்றினால் ஏற்று, விரல்களை மடக்கி மூடினால் நிறுத்து. “வாய் ஒண்ணுதான் சொல்லுது மச்சான், கை ரெண்டா சொல்லட்டுமே” என்றாய். ‘சீ’ என்று படித்துக் கிழக்கே கை நீட்டினால் கடல், கண்ணைத் தொட்டால் பார்ப்பது. ‘சன்’ என்றதும் ஒருநாள் ஆகாயத்தைக் காட்டாமல் ரோசம்மாவின் வயிற்றைக் காட்டினாய்.

“த்தே, இன்னாய்யா இது, அண்ணன் எதிர்ல!” என்று என் தங்கை முறத்தால் உன்னை அடித்தாள்.

“புள்ளதானே? எழுதிக்கினேன்” என்றேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, விஞ்சுக்குக் கை காட்டுவது என் முறை. “நீ குந்திக்கினு படி மச்சான், உன் ஷிப்ட்ட நான் பாத்துக்கிறேன்” என்று கிளம்பினாய். ஏன் நான் தடுக்கவில்லை? பாவி, எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கயிறு அறுந்து மூட்டைகள் உன்மேல் விழுந்தபோது நான் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

உன்னைப் புதைத்த மறுநாள் போய் எழுதினேன். எழுதாவிட்டால் நீ செத்ததே வீண் என்று நினைத்தேன். இப்போது அதுவும் சாக்காகத்தான் படுகிறது. அங்கே டிக்டேஷன் வாசித்தவர் தாளை மேசைமேல் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு வாசித்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் கை. ‘சன்’ வந்ததும் தாள் நனைந்துவிட்டது.

பூசை முடிந்து ரோசம்மா வெளியே வந்தாள். ஏழு மாதம் அவளுக்கு. இந்த முப்பது நாளும் அவள் என்னோடு பேசவில்லை.

“ரோசா, பாஸாயிட்டேம்மா. இனிமே உன்னியும் புள்ளையும் நான்...”

அவள் வலது கையை உயர்த்தி விரல்களை மடக்கி மூடினாள். உன் கைதான் மாப்பிள்ளை, அப்படியே. கையை இறக்காமலே என்னைக் கடந்து போனாள்.

நியாயம்தானே? அந்தக் கை மூடியிருக்கும்போது எதுவும் அசையக் கூடாது, அதுதானே நம் தொழில். இனி நான் பேச மாட்டேன். ஞாயிறுதோறும் அதே வாசலில் வந்து நிற்பேன். அவள் விரல்கள் விரிகிறவரை. விரியாமலே போனாலும்.

உன் ரோசம்மாவுக்கு அண்ணனாக இருந்த,
உன் மச்சான் பிரகாசம்,
ராயபுரம்.