உன் தம்பிக்கு இரண்டு கேள்விகள்

கொளஞ்சி,

நேற்று ராத்திரி கரண்டு போனபோது, உன் தம்பி வீட்டு நலங்குப் பந்தலில் நான் ஏற்றிய வெளிச்சத்தைப் பார்த்து, விடிந்துவிட்டதென்று கடலூர்க் காக்கைகள் கரைந்தன. கால்வலியென்று நீ வரவில்லை. அதனால்தான் காலையில் இதைச் சொன்னபோது நம்பாமல் சிரித்தாய்.

இரவல் வாங்கிய லாரி பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கச் சிதம்பரம் போகிறேன். பத்து மணிக்கு உன் தம்பி தில்லைநாதன் வருவான். உடனே இட்லி வைத்துவிடாதே. "ரிட்டயர் ஆனவங்களுக்கு எதுக்கு மாமா கரண்டு வேல? மூலைல உக்காருங்க" என்று சம்பந்தி முன்னாலேயே சொன்னவன் அவன்.

முதலில் கேள்: வோல்ட் என்றால் என்ன? மின்சாரத்தைத் தள்ளுகிற அழுத்தம். ஆம்பியர்-அவர் என்றால்? பேட்டரிக்குள் எவ்வளவு இருப்பு, எத்தனை நேரம் தாங்கும் என்கிற கணக்கு. "ரெண்டும் பன்னெண்டு வோல்ட்டுதான மாமா" என்று தன் சின்ன பேட்டரியில் பத்து பல்பை மாட்டினான். கால் மணியில் பந்தல் இருட்டு. நான் கொண்டுவந்த லாரி பேட்டரி அதே பத்து பல்பை மூன்று மணி நேரம் எரித்தது!

பதில் தெரியாமல் விழித்தால் நேற்றைய ரசஞ்சோறு போடு.

மறந்துவிட்டேன்: சட்னியை ஒளித்து வை.

*

ரெண்டு கேள்விக்கும் முழிச்சான். ரசஞ்சோறுதான் போட்டேன். தலையக் குனிஞ்சு தின்னுக்கிட்டே, "மாமா இல்லன்னா மானம் போயிருக்கும்க்கா. காக்கா கத்துனதுகூட நெசந்தான்"னான். சிரிச்சது தப்புங்க. நடந்துதான் இருக்கு.
— கொளஞ்சி