நீங்கள் கடைசியாகக் கழுவிய கார்

அத்தான்,

இன்று காலை அக்கா என் வேலைத்தலத்துக்கு முன்னால் உள்ள சந்தியில் பிரேக் பிடித்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கருங்கல்லில் இரும்பு அலவாங்கை வைத்து இழுப்பது போன்ற சத்தம். ஒரு விநாடிதான். பிறகு பச்சை விளக்கு விழுந்தது. உங்கள் நீலக் கார் டோர்ட்மண்ட் நகரப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது போல் இருந்தாளோ தெரியாது. விடியப் பெய்த பனி வீதியோரத்தில் கறுத்துக் கிடந்தது. உப்புத் தூவும் வண்டி அப்போதுதான் போயிருந்தது.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. இறந்தவருக்கு எழுத இதைவிட நல்ல விஷயங்கள் மற்றவர்களிடம் இருக்கலாம். என்னிடம் இல்லை.

ஜெர்மனிக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பொறியியலில் இரண்டு வருடம் படித்து, போரால் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். உங்கள் வீட்டில்தான் இருந்தேன், உங்கள் சோற்றைத்தான் தின்றேன். அதை நான் மறக்கவில்லை. மறக்க நீங்கள் விட்டதுமில்லை. இங்கே படிப்பைத் தொடர முதலில் ஒரு வருட ஆயத்த வகுப்பு வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தை நிரப்பி, செலவுக்குப் பொறுப்பேற்பவரின் கையெழுத்துக்காக உங்கள் மேசையில் வைத்தேன். கடைசித் தேதி தாண்டும்வரை அது அங்கேயே கிடந்தது. அதற்குப் பிறகு ஒருநாள், கார் திருத்தும் இடமொன்றில் எனக்கு அவுஸ்பில்டுங் கிடைத்திருப்பதாக, மூன்றரை வருடத் தொழிற்பயிற்சி என்று, சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"கார் ஓடுற நாட்டில கார் திருத்துறவன் பட்டினி கிடக்கமாட்டான்."

உண்மைதான். நான் பட்டினி கிடக்கவில்லை. எனக்கென்று ஒரு வேலைத்தலம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் என் தோளில் கைபோட்டு, "இவர்தான் எங்கட எஞ்சினியர். ஸ்பானர் எஞ்சினியர்" என்று நீங்கள் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்களே, அந்த முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

நீங்கள் காரை வைத்திருந்த விதம் ஊரறிந்தது. ஏறுகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆசனங்களோடு வந்த பிளாஸ்டிக் உறைகளை ஆறு வருடமாகியும் நீங்கள் பிரிக்கவில்லை. பனி கொட்டும் மாரியில் எங்கே போய்வந்தாலும், வீட்டுக்குள் நுழையுமுன் வாளியில் சுடுதண்ணீர் எடுத்து, நாலு சில்லுகளின் இடுக்கெல்லாம் ஊற்றி உப்பைக் கழுவுவீர்கள். அதே ஈரத்தோடு காரை உறையால் மூடுவீர்கள். அதற்கு முன் கைபிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கி வைப்பீர்கள்.

நாலைந்து மாரிக்கு முன் முற்றத்தில் நின்று உங்களுக்கு ஒருதரம் சொன்னேன்.

"கழுவினது நல்லது அத்தான். ஆனா ஈரத்தோட மூடாதேங்கோ. ஒருக்கா றோட்டைச் சுத்தி வாங்கோ. நாலைஞ்சு தரம் மெல்லமாப் பிரேக் பிடிச்சா அந்தச் சூட்டில பிரேக் தட்டு காஞ்சிடும். பிறகு கைபிரேக் இழுக்காமல் கியரில விடுங்கோ. பிரேக் கட்டை தட்டோட ஒட்டாது."

"என்னடாப்பா, கழுவின காரைத் திரும்ப உப்பில கொண்டுபோய் ஓட்டச் சொல்லுறாய்? குளிச்சிட்டு வந்தவனைச் சேத்துக்குள்ள இறக்கிற கதையாக் கிடக்கு. கைபிரேக் இழுக்காமல் விடுறதோ? நீ கதவைப் பூட்டாமலோ படுக்கிறனீ?"

அக்கா யன்னலில் நின்று சிரித்தாள். நீங்கள் விடவில்லை. "அப்ப தட்டுக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் பூசி விடுவமோ, எஞ்சினியர்? சைக்கிள் செயினுக்குப் பூசினா துருப் பிடிக்கிறேல்லைத்தானே?"

நான் அலறிவிட்டேன். பிரேக் தட்டில் எண்ணெய் பட்டால் கார் நிற்காது என்றேன். நீங்கள் பகிடிக்குத்தான் கேட்டீர்கள் என்று பிறகு விளங்கியது. அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மாரிகளில் நீங்கள் வாளியோடு நிற்பதைக் கண்டும் தலையாட்டிவிட்டுப் போனேன். துரு பிடிக்கட்டும், அப்போது வருவார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை, கொட்டும் பனிக்குள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினீர்கள். வழமைபோலக் கழுவினீர்கள், மூடினீர்கள், மேலே வந்து தேத்தண்ணி கேட்டீர்கள். அக்கா கொண்டுவரும்போது கதிரையில் சாய்ந்திருந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள்.

"அவர் கடைசியாக் கழுவின கார். முப்பத்தொண்டாம் நாள் வருமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்றாள் அக்கா. ஒருவரும் தொடவில்லை. அந்த உறைக்குள், ஈரத்தோடும் இடுக்குகளில் மிஞ்சிய உப்போடும், இறுகிய கைபிரேக்கோடும் உங்கள் கார் நின்றது.

இங்கே சாம்பலை வீட்டாரின் கையில் தரமாட்டார்கள் என்பதால் உங்களை எல்லை தாண்டி நெதர்லாந்தில்தான் எரித்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அந்தக் கடலில் கரைப்பதென்று முடிவாயிற்று. "அவற்ற கார்லதான் அவரைக் கொண்டுபோகவேணும்" என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். இருநூற்றைம்பது கிலோமீற்றர், பெரும்பாலும் ஓட்டோபான் நெடுஞ்சாலை. ஓட்டப்போவது உங்கள் மகள் துளசி.

அதற்கு மூன்று நாளுக்கு முன், அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, மேசையில் கிடந்த சாவியை எடுத்துப் போய் உறையை நீக்கினேன். கைபிரேக்கை இறக்கியும் கார் அசையவில்லை. எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தபோது பின்பக்கத்தில் மடாரென்று ஒரு சத்தம். ஒட்டியிருந்த கட்டை தட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. வீதியில் ஒரு சுற்றுப் போய்வந்து பார்த்தால் பின் தட்டுகளின் வெளிமுகம் கண்ணாடிபோல் மின்னுகிறது. யார் பார்த்தாலும் நல்ல பிரேக் என்றுதான் சொல்வார்கள். நிலத்தில் படுத்து, சில்லுக்குப் பின்னால் சிறிய கண்ணாடியை நீட்டி, விளக்கு அடித்துப் பார்த்தேன். உள்முகம் முழுவதும் செதில் செதிலாக எழும்பி, குழி விழுந்திருந்தது. வலது பக்கம் இடதைவிட மோசம். ஒரு மாரியில் வந்த துரு அல்ல அது. நான் தலையாட்டிவிட்டுப் போன மாரிகளும் அதில் இருந்தன.

"அக்கா, இந்தக் கார் ஏலாது. ஈர றோட்டில அமத்திப் பிடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடியாது. பின்பக்கம் சுத்தும். ஒன்றரை மணித்தியால வேலை, நான் புதுத் தட்டுப் போட்டுத் தாறன்."

"அவர் கழுவி வைச்சதை நீ கழட்டவேண்டாம்."

"கழுவினதாலதான் அக்கா இது. எத்தினை தரம் சொன்னனான், அந்த மனுசன் கேட்டவரே?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அவரில வைச்சிருக்கிற கோபத்தை அவற்ற சாம்பலிலயும் காட்டுறியோ?"

துரு உண்மை. ஆனால் அதைச் சொன்னபோது என் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அக்கா துருவைக் காணவில்லை; அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுவிட்டாள்.

உங்கள் கூட்டாளி பேக்கரி அண்ணையைக் கூப்பிட்டாள். அவர் காரை எடுத்து வீதியைச் சுற்றினார், மூன்று தரம் பிரேக் அடித்தார், குனிந்து வெளிமுகத்தைப் பார்த்தார். "ஒண்டுமில்லைத் தங்கச்சி. பூப்போலப் பிடிக்குது." என் பக்கம் திரும்பி, "எஞ்சினியருக்கு அத்தானில இன்னும் கோபக் காய்ச்சல்" என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். நீங்கள் இல்லாமலும் அந்தப் பகிடி நடந்தது.

முப்பத்தோராம் நாள் துளசி ஓட்டினாள். பக்கத்தில் அக்கா, அவள் மடியில் நீங்கள். நான் பின்னால் என் காரில் போனேன். மழையும் பனியும் கலந்து பெய்தது. அவர்களின் பின்விளக்கு சிவக்கும் ஒவ்வொரு தரமும் என் வலது கால் தானாக அமர்ந்தது. எல்லைக்குக் கிட்ட வாகனங்கள் திடீரென்று நின்றுவிட்டன. உங்கள் கார் ஒரு முழம் இடப்பக்கம் இழுபட்டது. முன்னால் நின்ற பாரவண்டிக்கு இரண்டு அடி தள்ளி நின்றது. இறங்கி ஓடிப்போய் யன்னலைத் தட்டினேன். துளசி கண்ணாடியை இறக்கினாள்.

"வழுக்குது மாமா. மழைதானே."

"துளசி, இது மழை இல்லை…"

"இண்டைக்கு வேண்டாம் மாமா, பிளீஸ்."

கடற்கரையில் ஐயர் சொன்னதைச் செய்தோம். சாம்பல் தண்ணீரில் விழுந்தபோது காற்று கொஞ்சத்தைத் திருப்பி என் காற்சட்டையில் போட்டது. அக்கா ஈரக் கண்ணோடு என்னிடம் வந்தாள். "பாத்தியோ, பத்திரமாக் கொண்டுவந்து சேர்த்திட்டார்."

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது நிம்மதி அல்ல, அத்தான். ஏமாற்றம். கண் மூடித் திறக்கும் நேரம்தான் அது என்னுள் இருந்தது. ஆனால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கு என் மீதே நம்பிக்கை போய்விட்டது.

திரும்பி வரும்போதும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் நான் செத்த மனுசனில் பொய் சொன்னவன். அக்கா ஒவ்வொரு நாளும் முதியோர் இல்லத்து வேலைக்கு அந்தக் காரில்தான் போகிறாள். சனி ஞாயிறில் துளசி எடுக்கிறாள். போன கிழமை துளசியைத் தனியே பிடித்து, அன்று சிறிய கண்ணாடியில் தெரிந்த துருவைத் தொலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மே மாசம் கார்ச் சோதனை நிலையத்தில டெர்மின் குறிச்சிருக்கிறன் மாமா. அவங்கள் சொன்னா அம்மா கேப்பா. நீங்கள் சொன்னா கேக்கமாட்டா. அதுவரைக்கும் அம்மாவோட பிடுங்குப்பட என்னால ஏலாது."

அவள் சொன்னதில் பிழையில்லை. அக்காவுக்குத் தெரியாமல் காரை எடுத்து மாற்றிவிடலாம் என்றும் யோசித்தேன். சாவியை அவள் இப்போது கழுத்துச் சங்கிலியில் கோத்திருக்கிறாள். புதுத் தட்டுகள் பெட்டி உடைக்காமல் என் அலுமாரியில் இருக்கின்றன. மே மாதத்துக்கு இன்னும் எத்தனை பனி விழும், எத்தனை மழைநாள் வரும், எத்தனை பிள்ளைகள் பந்தின் பின்னால் வீதிக்கு ஓடிவரும் என்று வேலைக்கு நடுவில் நின்று யோசிக்கிறேன். அக்காவின் பெயர் தொலைபேசியில் தெரிந்தால் எடுக்குமுன் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்கிறேன். கேட்பது பெரும்பாலும் குப்பை எடுக்கும் நாள் எது என்பதாகத்தான் இருக்கிறது.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அந்த விண்ணப்பம் மேசையில் கிடந்த கிடையை இன்றும் நினைத்துப் பற்களைக் கடிக்கிறேன். ஆனால் மே மாதத்துக்கு முன் நான் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொள்ள ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருக்கிறது; அந்தக் கார் ஒருநாள் நிற்காமல் போவது. அந்த வழியில் அக்காவும் துளசியும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஐம்பது வயதில் முதல் தரமாக, நான் பிழையாகவே இருந்துவிட வேண்டும், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் உங்களிடமே கேட்கிறேன்.

என்னோடு பிடித்த எந்த வாதத்திலும் நீங்கள் தோற்றதில்லை, அத்தான். இதிலும் தோற்றுவிடாதீர்கள்.